மழைக்காலத்தில் இன்குபேட்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: 48 முட்டைப் பெட்டியில் நாலு ஈடு பொரித்த அனுபவம்

நான் வாங்கின இன்குபேட்டர், அதாவது கோழி இல்லாமலே முட்டையைக் குஞ்சு பொரிக்கிற பெட்டி, என்ன பிராண்டு என்று யாரும் கேட்க வேண்டாம், கேட்டும் பிரயோஜனம் இல்லை. ஒரே பெட்டியை ஐந்தாறு பெயரில் விற்கிறார்கள், மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி, மூடியில் உள்ளே பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், உள்ளே சின்ன விசிறி, ஹீட்டர், முட்டையைப் படுக்க வைத்து உருட்டுகிற ரோலர் தட்டு, முன்பக்கம் சூடு, ஈரம், நாள் மூன்றும் காட்டுகிற கன்ட்ரோலர், அடியில் தண்ணீர் ஊற்ற இரண்டு பள்ளம். 48 முட்டை கொள்ளும் என்று போட்டிருந்தது. ஆன்லைனில் 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். போன ஆனி மாதம் தொடங்கி இதுவரை நாலு ஈடு பொரித்தாயிற்று. வாங்கின மறுநாளே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நம்பி வாங்கினவள் நான், அதனால் பொறுத்திருந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் விளை, ரப்பரும் தென்னையும் நாலு பலா மரமும். வீட்டுக்காரர் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், கோழிப்பாடு முழுக்க எனக்கும் மாமியாருக்கும்தான். நாட்டுக்கோழி எட்டு, கிராமப்பிரியா ஆறு, சேவல் இரண்டு. கிராமப்பிரியா முட்டையிடுவதில் குறை வைக்காது, ஆனால் அடை உட்காராது, அந்தக் குணம் இல்லாதபடிதான் அந்த ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். நாட்டுக்கோழி உட்காரும், அதுவும் அதற்குத் தோன்றினால்தான். போன வருஷம் ஒரு பெட்டை 12 முட்டையில் 11 பொரித்து அழகாகக் கூட்டிக்கொண்டு திரிந்தது. பத்து நாளில் பிராந்து (பருந்து) நாலு, கீரி மூன்று என்று கொண்டுபோய்விட்டது. மீதி நாலு குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பெட்டி வாங்கும் யோசனை வந்தது.

பெட்டி வந்த அன்று மாமியார் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுக்கு நெஞ்சுச்சூடு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். ஹீட்டரைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கரித்துண்டும் ஆணியும் எடுத்து வந்து பெட்டி மேல் வைத்தார்கள், இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகக் கூடாதாம். இன்றைக்கு வரைக்கும் அந்த ஆணி அங்கேயே இருக்கிறது, நானும் எடுக்கவில்லை.

இட்லிக்கு முதல் ஈடு எப்படியோ அப்படித்தான் இதற்கும் முதல் ஈடு. 42 முட்டை வைத்தேன். வீட்டு முட்டை 30, சந்தையில் நாட்டு முட்டை என்று வாங்கினது 12. கூடவே வந்த பேப்பரில் இருந்தது இருந்தபடி செய்தேன்: 37.7 டிகிரி, இரண்டு பள்ளத்திலும் நிறையத் தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உருட்டல். ஏழாவது நாள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு முட்டையின் அகலப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு உள்ள முட்டையில் சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி பரவி நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். அதை முதல் தடவை பார்த்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. 9 கூமுட்டை, அதில் 7 சந்தை முட்டை. இரண்டில் ரத்த வளையம், அதாவது கரு பிடித்து உடனே செத்தது. அதையெல்லாம் எடுத்துப் போட்டேன், மீதி 31.

பொரிந்தது 13.

அதுவும் 21-ஆம் நாள் அல்ல, 19-ஆம் நாள் ராத்திரியே ஓடு விரியத் தொடங்கிவிட்டது. வந்த குஞ்சுகளிலும் பாதிக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை, இரண்டு மறுநாளே செத்தன. மீதி 18 முட்டை அசையவே இல்லை, 23-ஆம் நாள் வரை பார்த்துவிட்டு உடைத்துப் பார்த்தேன். முழு வளர்ச்சி, ரோமம், அலகு எல்லாம் இருக்கிறது, ஆனால் உடம்பு ஊதி ஈரத்தில் நசநசவென்று கிடக்கிறது. எட்டு முட்டை உடைத்ததோடு நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் மனசு வரவில்லை.

விற்றவர்களுக்கு போன் செய்தேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், தண்ணி சரியா ஊத்துனீங்களா? ஈரம் பத்தாம இருந்திருக்கும், அடுத்த தடவை நல்லா நிறைய ஊத்துங்க" என்றான். நான் திண்ணையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், வெளியே மூன்று நாளாக விடாத சாரல், கொடியில் போட்ட துணி காயாமல் நாறுகிறது, சுவரில் பூஞ்சை. இந்த ஊரில் ஈரம் பத்தாதாம்!

பதில் சொன்னது மாமியார்தான். போனை வைத்தவுடன், "கோடையில அடைக்கோழி இருக்கும்போ முட்டை மேல பைய வெள்ளம் தெளிப்போம். மழைக்கு எவளாவது தெளிப்பாளா மக்களே?" என்றார்கள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

விஷயம் இதுதான். முட்டைக்குள் இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஓட்டின் நுண்துளை வழியாக வெளியே போயாக வேண்டும். போகப் போக அகலப் பக்கத்தில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைக்கும் முன்னால் முதலில் அந்தக் காற்றறைக்குள்தான் அலகை நீட்டி மூச்சு விடும். பெட்டிக்குள் ஈரம் கூடிவிட்டால் தண்ணீர் வெளியே போகாது, காற்றறை சின்னதாகவே நிற்கும், குஞ்சுக்கு மூச்சு விட இடம் இல்லை. முதல் 18 நாள் பெட்டிக்குள் ஈரம் 50 முதல் 55 சதவீதம் போதும். நம் ஊர் மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே 28 டிகிரி, 85 சதவீத ஈரம். அதே காற்றை 37.5-க்குச் சூடாக்கினால் சூடான காற்று இன்னும் நிறைய ஈரம் தாங்கும் என்பதால் கணக்குப்படி அது கிட்டத்தட்ட 50 சதவீதமாக இறங்கும். அதாவது ஒரு சொட்டுக்கூட ஊற்றாமலே பெட்டிக்குள் வேண்டிய ஈரம் இருக்கிறது! நான் அதற்கு மேல் இரண்டு பள்ளம் நிறைய ஊற்றி குஞ்சுகளை முட்டைக்குள்ளேயே மூழ்கடித்திருக்கிறேன். அந்தப் பேப்பரை எழுதினவர் கண்டிப்பாகத் தென்மேற்குப் பருவமழை ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழை வாங்குகிற மாவட்டத்தில் இருந்து எழுதவில்லை.

ஆனால் இதே மாவட்டத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் மைனி வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம், கணவாய்க் காற்று காற்றாலையைச் சுற்றுவதோடு நில்லாமல் மனுஷன் உதட்டையும் வெடிக்க வைக்கும். அங்கே காற்று காய்ந்து அடிக்கிற நாளில் ஒரு பள்ளமாவது ஊற்றாமல் முடியாது. எங்கள் வீட்டிலேயே மாசி பங்குனியில் அரைப் பள்ளம் வேண்டும். அதனால் நான் சொல்வதையும் அப்படியே பிடித்துக்கொள்ளாமல், உங்கள் வீட்டு ஈரத்தை அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

அளப்பது என்றதும் பெட்டியின் அடுத்த குறை. கன்ட்ரோலர் காட்டுகிற எண் எதையும் அப்படியே நம்ப முடியாது. குஞ்சு சீக்கிரம் வந்தால் சூடு கூடுதல், தாமதமாக வந்தால் சூடு குறைவு, இது பொதுக்கணக்கு. என்னுடையது 19-ஆம் நாள் வந்ததே என்று சந்தேகப்பட்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் காற்றுத் துளை வழியாக விட்டு முட்டை மட்டத்தில் பத்து நிமிஷம் வைத்துப் பார்த்தேன். கன்ட்ரோலர் 37.7 என்கிறது, தெர்மாமீட்டர் 101.5 ஃபாரன்ஹீட் காட்டுகிறது, அதாவது 38.6. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "முட்டைக்குக் காய்ச்சல் அடிக்குவு, மாத்திரை குடு" என்றார். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 வரை வேண்டும். விசிறி இல்லாத பெட்டி என்றால் சூடு மேலே தேங்கும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3-க்கு மேல் வைப்பார்கள், அந்தக் கணக்கை இதற்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டிலும் ஒன்று நிச்சயம், சூடு கொஞ்சம் குறைந்தால் குஞ்சு தாமதிக்கும், கூடினால் சாகும். கன்ட்ரோலரில் திருத்தம் செய்ய ஒரு மெனு இருந்தது, பேப்பரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செட் பட்டனை அழுத்திப் பிடித்து நானே நோண்டிக் கண்டுபிடித்து, காட்டுகிற அளவில் 0.9 கூட்டி வைத்தேன்.

ஈரமானி (ஈரம் அளக்கிற மீட்டர்) சரியா என்று பார்க்க ஒரு பழைய வித்தை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைய வைத்து, அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே ஈரம் சரியாக 75 சதவீதம் வந்து நிற்கும். ஈரமானி 75 காட்டினால் நல்லது, குறைத்துக் காட்டினால் எவ்வளவு குறைவோ அதை மனசில் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக்கு இப்படி ஒரு வேலை இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. நான் தனியாக ஒரு சின்ன ஈரமானி வாங்கி இப்படிச் சோதித்துவிட்டு (73 காட்டியது, பரவாயில்லை) பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியின் சொந்தக் கணக்கு அதைவிட 7 குறைத்துக் காட்டுகிறது. அப்படியென்றால் முதல் ஈட்டில் நான் 65 என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது உண்மையில் 70-க்கு மேல்.

இரண்டாவது ஈடு ஆவணியில், அப்போதும் மழை ஓயவில்லை. 40 முட்டை, எல்லாம் வீட்டு முட்டையும் பக்கத்து வீட்டு முட்டையும்தான், சந்தை முட்டைக்கு ஒரு கும்பிடு. எத்தனை நாள் முந்தினது, வெயிலில் எத்தனை மணி நேரம் இருந்தது, பஸ்ஸில் எப்படிக் குலுங்கி வந்தது, அந்தக் கோழியோடு சேவல் இருந்ததா, ஒன்றும் தெரியாது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கிற இடத்தில் இருந்து, ஏழு நாளுக்குள் இட்ட முட்டையாக எடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, கழுவக் கூடாது, கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். நான் அரிசி உமி போட்ட கடவத்தில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான்.

இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அதோடு சமையலறைத் தராசில் பத்து முட்டையை மொத்தமாக நிறுத்துக் காலண்டரில் எழுதி வைத்தேன்: 458 கிராம். 18-ஆம் நாள் நிறுத்தால் 403. அதாவது 12 சதவீதம் குறைந்திருக்கிறது, வேண்டியதும் அவ்வளவுதான், 11 முதல் 13 சதவீதம் வரை. எந்த மீட்டர் பொய் சொன்னாலும் தராசு சொல்லாது. இப்போது ஏழாவது நாளும் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கிறேன், குறைவு பத்தவில்லை என்றால் காற்றுத் துளையை இன்னும் திறந்து வைக்கிறேன், ரொம்பக் குறைந்தால் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் ஊற்றுகிறேன்.

5 கூமுட்டை, 1 ரத்த வளையம், மீதி 34-இல் 29 பொரிந்தது. 20-ஆம் நாள் மத்தியானம் முதல் ஓட்டை, 21-ஆம் நாள் ராத்திரிக்குள் எல்லாம் வெளியே. மாமியார் அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

18-ஆம் நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அன்றோடு உருட்டலை நிறுத்தி, ரோலர் தட்டை வெளியே எடுத்துவிட்டு, கால் வழுக்காத மாதிரி சொரசொரப்பான ஒரு விரிப்பு போட்டு முட்டையைப் பரப்ப வேண்டும். ஈரத்தை 65-க்கு மேல் 70-க்குக் கொண்டு போக வேண்டும், இப்போதுதான் நம் ஊரிலும் தண்ணீர் தேவை. பள்ளம் ஆழமாக இருப்பதில் ஒன்றும் இல்லை, தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு, அதனால் ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பள்ளத்தில் பாதி வெளியே தெரிகிற மாதிரி போட்டால் ஈரம் சட்டென்று ஏறும். அப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது. எங்கள் வீட்டில் சின்னவன் முதல் ஈட்டில் ஆசை தாங்காமல் நாலு தடவை திறந்தான். திறக்கும்போது ஈரம் ஒரேயடியாக இறங்கி, பாதி உடைத்த முட்டையின் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு அது திரும்பவே முடியாது. முதல் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு 12 மணி நேரம், சிலது ஒரு முழு நாள் சும்மா கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஓட்டைப் பிய்த்து உதவப் போகாதீர்கள், அது மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மஞ்சள்கருவின் பலத்தில் பொரிந்த பிறகும் இரண்டு நாள் தீனி இல்லாமல் தாக்குப்பிடிக்கும், அதனால் ரோமம் காய்ந்து பஞ்சாக ஆகும் வரை பெட்டிக்குள்ளேயே விடலாம்.

மூன்றாவது ஈட்டில் இரண்டு சோதனை. ஒன்று, ஐப்பசி மழையில் ரப்பர் மரம் ஒன்று லைனில் விழுந்து ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. எங்களுக்கு இன்வெர்ட்டர் கிடையாது. இரண்டு பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி முட்டைக்கு நடுவே வைத்து, பெட்டியைக் கம்பளியால் மூடி, காற்றுத் துளையை மட்டும் விட்டுவைத்தேன். தெர்மோகோல் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கிறது, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஏழு மணி நேரம் கழித்தும் 31 டிகிரிக்குக் கீழே போகவில்லை. கரு உள்ள 33 முட்டையில் 24 பொரிந்தது, ஒரு நாள் தாமதமாக. கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் மட்டும் நாள் கணக்கை மறந்து பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கியது, அதனால் தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, அதே ஈட்டில் 11-ஆம் நாள் ரோலர் மோட்டார் உயிரை விட்டது. கம்பெனி "ஏழு நாளில் அனுப்புகிறோம்" என்றது, வந்தது 23-ஆம் நாள். அதற்குள் குஞ்சு பொரிந்து தீவனம் தின்றுகொண்டிருந்தது. 18-ஆம் நாள் வரை கையால்தான் திருப்பினேன். முட்டையில் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம், பென்சிலால்தான், பேனா வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை, ஒற்றைப்படையாகத் திருப்பினால் ராத்திரி நீளமாகப் படுத்திருக்கிற பக்கம் தினமும் மாறி மாறி வரும். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் நன்றாக இருக்கும்போதும் இந்தக் குறி போடுவது நல்லது, ஏனென்றால் ரோலர் இடைவெளி பெரிய முட்டைக்காகச் செய்தது, நம் நாட்டுக்கோழியின் சின்ன முட்டை சிலது இடுக்கில் சிக்கி உருளாமல் அப்படியே நிற்கிறது. 48 முட்டைப் பெட்டி என்று சொன்னாலும் நாட்டு முட்டைக்கு 40-42 வைத்தால்தான் நிம்மதி. தாரா (வாத்து) முட்டை இந்தத் தட்டில் அடங்கவே அடங்காது.

எறும்பைப் பற்றி எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஈட்டில் ஓட்டை போட்ட முட்டை ஒன்றைத் தேடி நெருப்பெறும்பு வரிசையாகக் காற்றுத் துளை வழியே ஏறிப்போய்க்கொண்டிருந்தது, நல்லவேளை மாமியார் கண்ணில் பட்டது. அன்று முதல் பெட்டி ஒரு ஸ்டூல் மேல், ஸ்டூலின் நாலு காலும் தண்ணீர் ஊற்றின சிரட்டைகளில். பெட்டியைச் சுத்தம் செய்வதும் பெரும்பாடு, தெர்மோகோல் நாற்றத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது, அழுத்தித் தேய்த்தால் உதிர்கிறது. இன்னும் 2,000 ரூபாய் போட முடிந்தால் கழுவக்கூடிய பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக வாங்குங்கள் என்பேன்.

கரண்ட் பில்லைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஹீட்டரில் 80 வாட் என்று போட்டிருக்கிறது, 21 நாளும் நிற்காமல் எரிந்தால் 40 யூனிட் ஆகும், ஆனால் சூடு வந்ததும் அணைந்து அணைந்துதான் எரியும். பிளக்கில் செருகுகிற மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன், ஒரு ஈட்டுக்கு 17 யூனிட். நமக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் இருப்பதால் பெரிதாகத் தெரியவில்லை. குஞ்சுக்குப் போடுகிற பல்புதான் அதைவிடத் தின்கிறது, முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும், பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. அடியில் வெறும் பேப்பர் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துபோகும். முதல் தண்ணீராக மாமியார் கருப்பட்டி கலக்கின வெள்ளம் வைப்பார்கள், குடித்துவிட்டுத் துள்ளுகின்றன.

ஏழாவது நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து போட வேண்டும், மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு உள்ள மருந்து இருக்கும், கலக்கினால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. அதனால் நாங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் வாங்கலாமா? வாரத்துக்கு இரண்டு டஜன் முட்டை சேருகிற வீடு, அடை உட்காராத ரகம் வைத்திருக்கிறவர்கள், தராசும் தெர்மாமீட்டரும் கையில் எடுக்கச் சோம்பல் இல்லாதவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அந்த மூன்றும் பெட்டியின் சூடு பிடிக்கும் குணத்துக்கும் விசிறிக்கும். ஒரு வெட்டு அந்தப் பேப்பருக்கு, ஒரு வெட்டு மோட்டாருக்கு. மூன்று நாட்டுக்கோழி வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று அடை உட்காரும் என்றால் 6,200 ரூபாயைச் சேமித்துக்கொள்ளுங்கள், கோழிக்கு மீட்டர் திருத்தம் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பொரித்த பிறகு வளர்க்கவும் செய்யும். பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நிறையப் பேர் 40 முட்டை என்றால் 40 பெட்டை என்று கனவு காண்கிறார்கள்.

நாலாவது ஈட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். தை மாதம் ஒரு நாட்டுப்பெட்டை அடையில் இருந்தது, பெட்டியில் முட்டை வைத்த அன்றைக்கே அதற்கும் ஆறு முட்டை வைத்தோம். பெட்டியில் 31 பொரிந்தது, கோழிக்கு ஆறில் ஆறு. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, காய்ந்த பெட்டிக் குஞ்சு எட்டை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் பைய நுழைத்துவிட்டார்கள் மாமியார். இரண்டு நாளைக்குள் பொரிந்த குஞ்சாக இருந்தால், அதுவும் இருட்டில், பெட்டைக்கு வித்தியாசம் தெரியாது. விடிந்து பார்த்தால் 14 குஞ்சோடு உறுமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மீதி 23 பல்புக்கு அடியில்.

இப்போது பெட்டி காலியாக இல்லை, பக்கத்து வீட்டு மாமி அவர்களுடைய மணிலா வாத்து முட்டை எட்டைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். 35 நாள் ஆகும், தட்டில் அடங்காததால் மோட்டார் இருந்தும் கையால்தான் திருப்புகிறேன். இன்றைக்குப் பதின்மூன்றாவது நாள், ஏழில் நரம்பு தெரிகிறது.